பம்பாயில் வைத்த நோன்பு

1

எங்க ஊர் காரைக்காலுக்குப் போனா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி இதுதான்: "பாரிசுக்கு எத்தனை மணி நேரம் தம்பி?" தலத்தெரு டீக்கடையில கேக்குறாங்க, கடைத்தெருவுல கேக்குறாங்க. ஒருவாட்டி பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்திருந்த அம்பகரத்தூர்க்காரர் கேட்டார். பம்பாயிலேர்ந்து ஏழாயிரம் கிலோமீட்டர், ஒன்பதரை மணி நேரம்னு சொன்னேன். மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "எனக்கு மெட்ராஸ் போகவே ராத்திரி பூரா ஆவுது. நீங்க கதை வுடாதீங்க"ன்னுட்டார்.

அவர் நம்பாததுல தப்பே இல்லை. எனக்கே இன்னும் முழுசா நம்பிக்கை வரலை. என் அத்தா சைகோன்ல துணிக்கடை வெச்சிருந்தவர். கப்பல்ல போவார், கப்பல்ல வருவார். அவர் போய்ச் சேர்ந்த சேதி வர்றதுக்குள்ள எங்க வீட்டுல ஒரு பெருநாள் போயிடும். நான் என்னடான்னா காலையில பம்பாயில பல் வெளக்கிட்டு ஏறி, ரெண்டு சாப்பாடு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, பாரிஸ்ல எறங்கி வீட்டுக்குப் பால் வாங்கிட்டுப் போறேன். எத்தனை தடவை ஏறினாலும் அந்தப் பெரிய வண்டி தரையை விட்டுக் கிளம்புற நேரத்துல "சுபஹானல்லாஹ்"னு வாய் தானா சொல்லிடுது. மனுஷ மூளைக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேணும்.

ஆனா அந்த ஒன்பதரை மணி நேரத்தை நம்பி நான் ஒருவாட்டி நல்லா மாட்டிக்கிட்டேன். இப்ப ஏன் அது ஞாபகம் வருதுன்னா, என் மக நஸீமா அடுத்த வாரம் முதல்முறையா தனியா ஊருக்குக் கிளம்புறா. டிக்கெட் எடுக்கப் போன இடத்துல அந்த ஏஜென்ட் பொண்ணு, "பம்பாய்க்கு ஒன்பதரை மணி நேரம், மிஸ்யே"ன்னுச்சு. நஸீமா என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாருங்க. அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி இருக்கிற கதைதான் இது.

2

அது எண்பதுகளோட தொடக்கம். நஸீமாவுக்குப் பன்னெண்டு வயசு. பாரிஸ்லயே பொறந்து, இங்கேயே வளர்ந்தவ. தமிழ் பேசுவா, ஆனா மரியாதை எங்கே வைக்கிறது, எங்கே எடுக்கிறதுன்னு தெரியாது. மாமனைப் பார்த்து "நீ எப்ப வந்த?"ம்பா. அதட்டினோம்னா மறுநாள் "பூனை வந்தாங்க, பால் குடிச்சாங்க"ம்பா. இந்தப் பிள்ளை நம்ம கையை விட்டு நழுவிப் போயிடுமோன்னு எனக்கும் என் மனைவி மைமூனுக்கும் உள்ளூர ஒரு பயம். அதை வெளியில சொல்லிக்க மாட்டோம். வருஷா வருஷம் டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கிறதே அந்தப் பயத்துலதான்.

அந்த வருஷம் ஸ்கூல் லீவுல ரமளான் வந்துச்சு. காரைக்கால்ல மைமூனோட அண்ணன் ஹாஜா மச்சான் வீட்டுல தங்கியிருந்தோம். அவர் மகன் ஜாபர், நஸீமா வயசுதான், எல்லா நோன்பும் வெச்சுக்கிட்டிருந்தான். பயலுக்கு வாய் நீளம். "நீ பிரான்ஸ்காரி. உனக்குப் பட்டினி கெடக்க வராது. போ, போயி ரொட்டி தின்னு." இவளுக்கு மூக்கு மேல கோவம். நோன்பு வைப்பேன்னு கிளம்பினா, அன்னைக்குன்னு பார்த்துக் காய்ச்சல் வந்து படுத்துட்டா. காய்ச்சல் போனதும் மச்சானோட மனைவி, எங்க மச்சி, "ஒடம்பு தேறட்டும், வேணாம்"னு விடலை. இப்படியே நாள் ஓடிப் போச்சு.

எனக்கு லீவு முடிஞ்சது. பெருநாளைக்கு முன்னாடியே கிளம்பியாகணும். கிளம்புறதுக்கு முந்தின நாள் நஸீமா வந்து நின்னா. "அத்தா, பிளேன் ஏறுற அன்னைக்கு நான் நோன்பு."

எங்க ஊர்ல பிள்ளைங்க முதல் நோன்பு வைக்கிறது சின்ன விஷயம் இல்லைங்க. புதுத்துணி, பூ, சொந்தக்காரங்க அன்பளிப்பு, அன்னைக்குப் பள்ளிவாசல்ல எல்லாருக்கும் ஊத்துற நோன்புக்கஞ்சி அந்த வீட்டுச் செலவு. பிளேன்ல வைக்கிற நோன்புக்கு யார் பூ வைக்கிறது? ஆனா ஹாஜா மச்சான் கேட்டதும் குஷியாயிட்டார். "வைக்கட்டும் மாப்ளே! அன்னைக்குக் கஞ்சி என் மருமக பேர்ல நான் குடுக்கிறேன். அவ அங்கே நோன்பு தொறக்கட்டும், நாங்க இங்கே தொறக்கிறோம். எத்தனை மணிக்கு எறங்குவீங்க?"

நான் கணக்குல புலியாச்சே! "காலையில எட்டு மணிக்கு பம்பாய்ல ஏறுறோம். ஒன்பதரை மணி நேரம். அஞ்சரைக்கு எறங்கிடுவோம். வெளியில வந்து சாவகாசமா ஆறே முக்காலுக்குத் தொறக்கலாம்"னேன். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அத்தனை வருஷம் பறந்தவன், பாரிஸ் கடிகாரம் நம்மளை விட மூணரை மணி நேரம் பின்னாடின்னு தெரிஞ்சவன். ஆனா அதுவரைக்கும் எப்பவும் ராத்திரி பிளேன்லதான் போயிருக்கேன். சூரியன் விஷயம் மண்டையில ஏறவே இல்லை.

மைமூன் அப்ப முழுகாம இருந்தா, நாலாவது மாசம். பம்பாய் லாட்ஜுல நஸீமா விடியறதுக்கு முன்னாடி சஹருக்கு எழுந்து பன்னும் அவிச்ச முட்டையும் சாப்பிட்டப்ப, இவளும் கூட உக்காந்து சாப்பிட்டு நோன்புக்கு நிய்யத் வெச்சுட்டா. எனக்கு வந்ததே கோவம். "உனக்குத்தான் விலக்கு இருக்கே, டாக்டர் என்ன சொன்னார்?"னு கத்தினேன்.

"பிள்ளை முதல் நோன்பு வைக்குது. அதுவும் பெட்டிக்குள்ள அடைச்ச மாதிரி பிளேன்ல. நான் பக்கத்துல உக்காந்து கோழி திங்கிறதா? சாயங்காலம் ஆறே முக்கால்தானேங்க, நீங்கதானே சொன்னீங்க"ன்னா.

என் கணக்கு என் கழுத்துக்கே வந்துச்சு.

3

பிளேன்ல நஸீமாவுக்கு ஜன்னல் சீட்டு. சாப்பாட்டுத் தட்டு வந்துச்சு, வேணாம்னுட்டா. ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சு. இவ பிரெஞ்சுல நிமிர்ந்து உக்காந்து வெளக்கம் சொன்னா: இது ரமளான், இது என் முதல் நோன்பு, என் மாமா ஊர்ல எனக்காகக் கஞ்சி காய்ச்சறாங்க. அந்தப் பொண்ணு கண்ணை விரிச்சுக் கேட்டுட்டு, அதுக்கப்புறம் எங்க வரிசைக்குத் தள்ளுவண்டியைக் கொண்டாரவே இல்லை. வாசனை வரக் கூடாதாம். நான் பயணின்னு சலுகையைப் பிடிச்சுக்கிட்டு நோன்பு வைக்காதவன். எனக்கும் சேர்த்து வரலை! பின்னாடி போயி, திரைக்கு அந்தப் பக்கம் நின்னு, திருட்டுப் பூனை மாதிரி காபி குடிச்சுட்டு வந்தேன்.

கொஞ்ச நேரம் தூங்கினோம். என் வாட்ச் இன்னும் ஊர் நேரத்துலதான் இருந்துச்சு. மணி நாலு. நஸீமா என் கையைச் சுரண்டினா.

"அத்தா, மாமா வீட்டு மாடியில நாலு மணிக்கு வெயில் சாஞ்சு போயி நிழல் வரும்ல? இது ஏன் தலைக்கு மேலயே நிக்குது?"

எட்டிப் பார்த்தேன். கீழே மேகம், மேலே பட்டப்பகல். உச்சி வெயில். அப்பத்தான் உறைச்சுது. நாங்க மேற்கே போறோம். சூரியனும் மேற்கே போகுது. காலையிலேர்ந்து அது கூடவேதான் வந்துக்கிட்டிருக்கு. ஓடுற பஸ்ஸுக்குப் பக்கத்துல இன்னொரு பஸ் ஓடினா நின்ன மாதிரி தெரியுமே, அதேதான்.

ஏர்ஹோஸ்டஸைக் கூப்பிட்டு, பாரிஸ்ல இன்னைக்கு சூரியன் எத்தனை மணிக்கு மறையும்னு கேட்டேன். அது ஓட்டுறவங்க அறைக்குப் போயி கேட்டுக்கிட்டு வந்துச்சு. சிரிச்ச முகமா சொல்லுச்சு: "ஒன்பதரைக்கு மேல, மிஸ்யே. எறங்குறப்ப மத்தியானம் ரெண்டு மணிதான். உங்களுக்கு முழு சாயங்காலமும் பாக்கி இருக்கு!"

யா அல்லாஹ்! ஊர் நேரத்துக்கு அது நடுராத்திரி தாண்டி ஒரு மணி. விடியறதுக்கு முன்னாடி சாப்பிட்ட பன்னோட ஒரு பிள்ளையும், நாலு மாசக் கர்ப்பிணியும் அதுவரைக்கும் தண்ணி இல்லாம இருக்கிறதா?

"ரெண்டு பேரும் இப்பவே தொறங்க. பயணத்துல விலக்கு உண்டு. கதை முடிஞ்சது"ன்னேன்.

"பயணத்துல வைக்கக் கூடாதா?"ன்னா மக.

"வைக்கலாம். வைக்கணும்னு கட்டாயம் இல்லை."

"அப்ப வைக்கிறேன்."

மைமூன்கிட்டத் திரும்பினேன். "நீயாவது தொறடி."

"பிள்ளை தொறந்தா நான் தொறக்கிறேன்."

ஒரு பிடிவாதத்துக்குப் பொறந்த இன்னொரு பிடிவாதம். நடுவுல நான். கெஞ்சினேன், மெரட்டினேன். கடைசியில நஸீமா யோசிச்சு ஒரு முடிவுக்கு வந்தா. "சரி அத்தா. ஜாபர் தொறக்கிற நேரத்துல நானும் தொறக்கிறேன். ஊர்ல பாங்கு சொல்றப்ப. அதுக்கு முன்னாடி மாட்டேன்." கேட்டா ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத் இதை நோன்புன்னு ஒத்துக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஆனா அவளுக்கு வேணும்கிறது ஹஜ்ரத்தோட சம்மதம் இல்லை. ஊர்ல அத்தனை பேரும் கஞ்சிக் கிண்ணத்தைத் தூக்குற அந்த நேரத்துல, தானும் அவங்கள்ல ஒருத்தியா இருக்கணும். அவ்வளவுதான்.

4

எங்க குடும்பத்துல ரெண்டு நாட்டு பாஸ்போர்ட். காரைக்கால்காரங்களுக்கு இதை வெளக்க வேண்டியதில்லை, மத்தவங்களுக்காகச் சொல்றேன். பிரெஞ்சுக்காரங்க போனப்ப, எந்த நாட்டுக் குடியுரிமை வேணும்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. என் அத்தா பிரான்ஸுன்னு கையெழுத்துப் போட்டார். மைமூனோட அத்தா போடலை. ஒரே தெரு, நாலு வீடு தள்ளி. அதனால நானும் நஸீமாவும் பிரெஞ்சு, மைமூன் இந்தியா. அவளுக்கும் மாத்திக் கேட்டு பிரெஃபெக்தூர்ங்கிற அரசாங்க ஆபீசுக்கு நான் நடந்த நடைக்கு, நடந்தே காரைக்கால் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒருவாட்டி பொறப்புச் சான்றுல பேர் எழுத்து சரியில்லைம்பான், மறுவாட்டி மொழிபெயர்ப்புல முத்திரை இல்லைம்பான்.

பாரிஸ்ல எறங்கினா அந்தக் கையெழுத்து ரெண்டு வரிசையா நிக்கும். எங்க வரிசை வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும். மைமூன் நிக்கிற மத்த நாட்டுக்காரங்க வரிசை ஊர்ந்து ஊர்ந்து போகும். அன்னைக்கு வேற ரெண்டு மூணு பிளேன் ஒண்ணா எறங்கிடுச்சு. நடுவுல ஒரு கயிறு. நாங்க முடிச்சுட்டு அந்தப் பக்கம் போயி அவளுக்காகக் காத்துக்கிட்டு நின்னோம். கண்ணாடி வழியா வெயில் சுள்ளுன்னு அடிக்குது.

நஸீமா என் வாட்சையே பார்த்துக்கிட்டிருந்தா. "இன்னும் எவ்வளவு அத்தா?" உதடு வெடிச்சிருந்துச்சு. ஆனா முகத்துல ஒரு களை. "இப்ப ஜாபர் பள்ளிவாசலுக்குக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு ஓடுவான். இப்ப மாமா தொப்பியைத் தேடுவாங்க." காரைக்காலை அப்படியே கண்ணுல வெச்சுக்கிட்டுப் பேசினா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இந்தப் பிள்ளையா நழுவிப் போயிடும்?

கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும். மைமூனைப் பார்த்தேன். அவ நிக்கிற விதம் சரியில்லை. முன்னாடி நிக்கிறவரோட பெட்டியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டிருந்தா. முகம் வெளுத்து, நெத்தியில வேர்வை. நான் "மைமூன்"னு வாயெடுக்கிறதுக்குள்ள நஸீமா கயிறுக்கு அடியில புகுந்துட்டா.

"மத்மோசேல்!"னு ஒரு போலீஸ்காரர் கத்தினார். அவர் கத்தட்டும். நான் என்ன கத்தினேன் தெரியுமா? "பத்து நிமிஷந்தான் பாப்பா! பொறு!"

வாயில வந்தது அதுதான். என்னத்தைச் சொல்ல.

அவ பொறுக்கலை. அம்மா தோள்ல தொங்கின பைக்குள்ள கையை விட்டு, நோன்பு தொறக்கன்னு வெச்சிருந்த பேரீச்சம்பழத்துல ஒண்ணை எடுத்தா. அம்மாவுக்குக் குடுப்பான்னு நெனைச்சேன். குடுக்கலை. மைமூன் கண்ணுக்கு நேரா நின்னு, தன் வாயில போட்டு, மென்னு, முழுங்கிட்டா.

மைமூன் குரல் எனக்குக் கேட்டுச்சு. "ஏண்டி, ஏண்டி பாப்பா! இன்னும் கொஞ்சந்தானேடி!"

"ஆச்சும்மா. நான் தொறந்துட்டேன். இப்ப நீங்க."

ரெண்டாவது பழத்தை அம்மா வாயில வெச்சா. மைமூன் அதை மெல்ல முடியாம மென்னுக்கிட்டே அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுதாளா, மயக்கமான்னு தெரியலை, ரெண்டுமா இருக்கும்.

பிரெஞ்சு ஆபீஸருங்களை நான் எத்தனையோ திட்டியிருக்கேன். இனிமேலும் திட்டுவேன். ஆனா அன்னைக்கு பாஸ்போர்ட் பார்க்கிற கூண்டுக்குள்ள இருந்த ஆபீஸரம்மாவை ஒரு வார்த்தை சொன்னா என் நாக்கு அழுகிடும். எழுந்து வெளியில வந்துச்சு. தன்னோட காபிக்கு வெச்சிருந்த சர்க்கரைக் கட்டியைத் தண்ணியில கலக்கிக் கொண்டாந்து குடுத்துச்சு. மைமூன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் கூடவே குந்தியிருந்துச்சு. அப்புறம் அங்கேயே, தரையிலயே, பாஸ்போர்ட்டைத் தன் முழங்கால் மேல விரிச்சு வெச்சு முத்திரை குத்திக் குடுத்துச்சு. வரிசையில நின்ன ஒருத்தரும் முணுமுணுக்கலை.

டாக்டர் பார்த்தார். வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

5

வீட்டுக்கு வந்ததும் ஊருக்கு டிரங்கால் போட்டேன். ஹாஜா மச்சான் கடையில ஃபோன் இருந்துச்சு. நாங்க கூப்பிடுவோம்னு மொத்தக் குடும்பமும் கடையில கூடியிருந்துச்சு. அந்தக் காலத்துல மூணு நிமிஷம் பேசுறதே பெரிய செலவு, அதுல ஒரு நிமிஷம் "ஹலோ கேக்குதா"விலேயே போயிடும்.

"மாப்ளே! கஞ்சி பிரமாதம்! எங்க பார்த்தாலும் நஸீமா பேர்தான்! பிள்ளை நோன்பு முடிச்சிட்டாளா?"

நான் ஒரு நொடி தயங்கினேன். என்ன பெரிய பத்து நிமிஷம். "முடிச்சிட்டா மச்சான்"னேன்.

நஸீமா ரிசீவரை என் கையிலேர்ந்து பிடுங்கிட்டா. "இல்ல மாமா. முடிக்கல. நீங்க தொறக்க பத்து நிமிஷம் இருக்கிறப்பவே நான் விட்டுட்டேன்."

ரிசீவர்ல காதை ஒட்டி வெச்சு நானும் கேட்டேன்.

"ஏம்மா?"

"அம்மா விழப் பார்த்தாங்க. நான் தொறந்தாத்தான் அம்மா தொறப்பாங்க."

மச்சானுக்கு மைமூன் ஒரே தங்கச்சி. மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க மாமா. புளிப்பா மீன்குழம்பு கேக்குறாங்க."

அப்ப ஹாஜா மச்சான் என்ன செஞ்சார் தெரியுமா? ஃபோனைக் காதை விட்டு எடுத்துட்டு, கடை இடிஞ்சு விழற மாதிரி கத்தினார்: "கேட்டுக்கங்க! என் மருமக நோன்பு முடிச்சிட்டா!"

கடை முழுக்க ஒரே ஆரவாரம். ஜாபர் விசிலடிச்சது தனியா கேட்டுச்சு. நஸீமா இங்கே பதறிட்டா. "இல்ல மாமா! நான் முடிக்கல! மாமா, நான்..." லைன் கட்.

ரிசீவரைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நோன்பு போனப்பக்கூட அவ அழலை. "மாமா எனக்காகப் பொய் சொல்லிட்டாங்க அத்தா. நோன்பு மாசத்துல பொய் சொல்லலாமா? எல்லார் முன்னாடியும்."

"விடு பாப்பா, மாமா ஆசையில சொன்னார்"னேன். அவ கேக்கலை.

மறுநாள் வேலைக்குக் கிளம்புறேன், சமையல்கட்டுல ஒரு தட்டும் கிளாசும் கழுவிக் கவுத்து வெச்சிருக்கு. எங்களை எழுப்பாம தானே சஹர் சாப்பிட்டுட்டு நிய்யத் வெச்சிருக்கா. ஜூலை மாசப் பாரிஸ் பகல். பெரியவங்களே பயப்படுற நீளம். நானே எத்தனை வருஷம் வேலையைச் சாக்கு சொல்லி, குளிர்காலத்துல வெச்சுக்கலாம்னு தள்ளிப் போட்ட நோன்பு அது. "நேத்துதான் பட்டினி கெடந்த மாதிரி ஆச்சு, வேணாம்மா"ன்னு மைமூன் சொல்லிப் பார்த்தா. இவ கேட்டாத்தானே! வேலை விட்டு வந்து விசாரிச்சா, அன்னைக்குப் பூரா அம்மாவை உக்கார வெச்சு, நேரத்துக்கு நேரம் சாப்பாடு போட்டு, தட்டு காலியாகுற வரைக்கும் எதிர்ல உக்காந்திருந்திருக்கா.

அன்னைக்கு சாயங்காலம் எங்களுக்கு முடியவே இல்லை. ஏழு மணிக்கு வெயில். எட்டு மணிக்கு வெயில். எதிர்க் கட்டிடத்துப் பிள்ளைங்க கீழே பந்து விளையாடிக்கிட்டிருக்காங்க. இவ ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டு, முழங்காலைக் கட்டிக்கிட்டு, பேசாம உக்காந்திருந்தா. "ரொம்பப் பசிக்குதா?"ன்னேன். "ஆமா அத்தா"ன்னா, அவ்வளவுதான். பெத்த பிள்ளையைப் பார்த்து ஒரு மனுஷனுக்கு மரியாதை வரும்னு யாராச்சும் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். அன்னைக்கு அவ பக்கத்துல நான் கால் மேல கால் போட்டு உக்காரலை.

எதிர்க் கட்டிடத்துக்குப் பின்னாடி கடைசி வெளிச்சமும் எறங்குச்சு. பேப்பர்ல போட்டிருந்த நேரம் தாண்டினதை மைமூன் ரெண்டு தரம் பார்த்துட்டு, பிஸ்மி சொல்லி, பேரீச்சம்பழத்தை மக வாயில வெச்சா. நஸீமா ஒரு கிளாஸ் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சுட்டு, வாயைத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னா:

"இப்ப மாமா சொன்னது பொய் இல்ல."